தொப்புள்கொடி வெட்டியதும் என்ன ஆகும்? இதயக் குறையுள்ள சிசுவின் நுரையீரல் ரத்த ஓட்டத்தைக் கருப்பையிலேயே மதிப்பிடும் முழு வழிகாட்டி

கருப்பையில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. ஆகவே நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை அடைபட்டிருந்தாலும் சரி, போன ரத்தம் திரும்பும் பாதை அடைபட்டிருந்தாலும் சரி, சிசு வளர்கிறது, உதைக்கிறது, எடை கூடுகிறது. குறையின் முழு முகமும் தெரிவது கொடியை வெட்டிய பிறகுதான். சில சிசுக்களுக்கு அது சில நாட்கள், சிலருக்குச் சில நிமிடங்கள்.

அதனால் "இப்போது ஓட்டம் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் பார்க்கும் ஸ்கேன் பாதி ஸ்கேன். ஒவ்வொரு அளவும் பிரசவ அறையில் எழப்போகும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகள் மூன்று. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர் பார்ப்பதைப் போலத்தான்: வாய்க்காலில் நீர் வருகிறதா, மண் அதை ஏற்கிறதா, வடிகால் திறந்திருக்கிறதா. உள்வழி என்பது நுரையீரல் தமனியும் டக்டஸும் (நுரையீரல் தமனியை இறங்கு மகாதமனியோடு இணைக்கும், பிறந்த பின் மூடிக்கொள்ளும் நாளம்). நடுவே இருப்பது நுரையீரலுக்குள் உள்ள நுண்தமனிகளின் பரப்பு. வெளிவழி என்பது நுரையீரல் சிரைகள், இடது மேலறை, மேலறைத் தடுப்புச்சுவர். எந்தக் குறையானாலும் இந்த மூன்றில் எங்கே சிக்கல் என்று தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் அதன் பின்னால் வரும்.

கரு இதய ஸ்கேன் கற்கும் மருத்துவர்களையும் சோனோகிராபர்களையும் நினைத்து எழுதியது இது. கையில் அறிக்கையோடு இருக்கும் பெற்றோரும் வாசிக்கலாம். ஆனால் இங்குள்ள எண்களைத் தங்கள் குழந்தைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே எண் இரண்டு குறைகளில் இரண்டு பொருள் தரும்.

முதலில் இயல்பு நிலை

சிசுவின் இரு கீழறைகளும் ஒரே நேரத்தில் உடலுக்கு ரத்தம் அனுப்புகின்றன. வலது கீழறையின் பங்கு சற்று அதிகம். வலது கீழறை நுரையீரல் தமனிக்குள் தள்ளும் ரத்தத்தில் பெரும்பகுதி டக்டஸ் வழியாக இறங்கு மகாதமனிக்குப் போய்விடுகிறது. நுரையீரலின் நுண்தமனிகள் இறுகியிருப்பதால் அங்கே தடை அதிகம். மிச்சம் மட்டுமே நுரையீரலுக்கு.

அந்த மிச்சம் எவ்வளவு? ஆட்டுக்குட்டிக் கருக்களில் செய்த பழைய ஆய்வுகள் மொத்த இதய வெளியீட்டில் 8 முதல் 10 சதவீதம் என்றன. மனித சிசுக்களில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் முறை) வைத்து 1996இல் வெளியான ஆய்வில், 20 வாரத்தில் 13 சதவீதம், 30 வாரத்தில் 25 சதவீதம், 38 வாரத்தில் 21 சதவீதம் என்று வந்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. மூலம் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அளந்தபோது சராசரி சுமார் 16 சதவீதம். எண்கள் ஒத்துப்போகாததன் காரணத்தைக் கணக்கிடும் முறையைப் பார்க்கும்போது சொல்கிறேன். எண்கள் மாறினாலும் செய்தி ஒன்று உண்டு: மனித சிசுவின் நுரையீரல் ஓட்டம் அற்பமானதல்ல, 1996 ஆய்வின்படி இரண்டாம் மும்மாதத்திலிருந்து 30 வாரம் வரை அது கூடுகிறது.

31 வாரத்துக்கு மேல் இன்னொரு மாற்றமும் தெரிகிறது. தாய்க்கு 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் 20 முதல் 26 வாரச் சிசுவின் நுரையீரல் நாளங்கள் அசைவதில்லை. 31 முதல் 36 வாரச் சிசுவின் நாளங்கள் விரிகின்றன, ஓட்டம் கூடுகிறது. நாளங்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட வயது அது. ஆக்சிஜன் சோதனையைக் கடைசி மும்மாதத்தில் மட்டும் செய்வதன் அடிப்படை இதுதான்.

கருவியைத் தயார் செய்தல்

நுரையீரல் சிரைகளில் ரத்தம் மெதுவாக ஓடும். பெரிய தமனிகளுக்கு வைத்த வேக அளவுகோலை அப்படியே விட்டுவிட்டால் சிரைகள் கலர் டாப்ளரில் தென்படவே மாட்டா. சிரைகளுக்கு அளவுகோலை நொடிக்கு 20 செ.மீ. அருகே இறக்குங்கள், டக்டஸுக்கு வரும்போது மறக்காமல் ஏற்றுங்கள். "சிரைகள் தெரியவில்லை" என்று எழுதப்படும் ஸ்கேன்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் சிசுவல்ல, இந்த ஒரு குமிழ்தான் என்பது என் கணிப்பு.

டாப்ளர் கதிருக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 20 பாகைக்குள் இருக்கட்டும். கோணத் திருத்தத்தை நம்பி 50 பாகையில் அளப்பதைவிட, தாயைச் சற்றுப் புரளச் சொல்லிக் காத்திருப்பது மேல். சிசு மூச்சசைவு செய்யும்போது அளக்காதீர்கள். சிரை அலைகள் முழுக்கக் குழம்பும். அலைகளை அகலமாக விரித்து, அடுத்தடுத்து மூன்று துடிப்புகளையாவது அளந்து சராசரி எடுங்கள். வெப்பக் குறியீடு (ஒலியலை திசுவைச் சூடாக்கும் வாய்ப்பைக் கருவி காட்டும் எண்) 1க்குக் கீழே இருக்கட்டும். வேலை முடிந்ததும் டாப்ளரை நிறுத்திவிடுங்கள்.

தாய் சாப்பிடும் மருந்துகளை ஸ்கேனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இன்டோமெதாசின் போன்ற வலி நிவாரணிகள் டக்டஸைச் சுருக்கும். பின்னால் ஒரு விசித்திரமான அலையைப் பார்த்துத் தலையைச் சொறிவதைவிட முதலிலேயே கேட்பது எளிது.

படி 1: கலர் போடாமல் பாருங்கள்

நான்கு அறைக் காட்சியில் இதயம் மார்புக்கூட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். இதயம் பெருத்திருந்தால் நுரையீரலுக்கு வளர இடமில்லை. அப்போது நாளங்களின் அலை எப்படி இருந்தாலும், நுரையீரலின் பருமனே தனிக் கவலை.

மூன்று நாளக் காட்சியில் இடமிருந்து வலமாக நுரையீரல் தமனி, மகாதமனி, மேல் பெருஞ்சிரை ஆகியவை ஒரு சாய்கோட்டில் நிற்கும். அளவும் அதே வரிசையில் குறையும். நுரையீரல் தமனி மகாதமனியைவிடச் சிறியதாக இருந்தால் உள்வழியில் அடைப்பைத் தேடுங்கள். மகாதமனி மெலிந்து நுரையீரல் தமனி மிகப் பெரியதாகத் தெரிந்தால் சிக்கல் இடப்பக்கம். அளவுகளை மில்லிமீட்டரில் மட்டும் விட்டுவிடாமல் கர்ப்ப வாரத்துக்கேற்ற இசட் மதிப்பாக (அந்த வாரத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் எண்) மாற்றி எழுதினால்தான் அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட முடியும்.

இரு கிளைத் தமனிகளும் நடுவில் ஒன்றுசேர்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். வலது கிளை மகாதமனியின் பின்னால் வளைந்து போகும். அதை எளிதில் பிடிக்கலாம். இடது கிளைதான் டக்டஸோடு குழம்பும். டக்டஸ் முதுகெலும்பை நோக்கி நேராகப் போய் இறங்கு மகாதமனியில் சேரும். இடது கிளை நுரையீரலுக்குள் திரும்பும். இந்த வேறுபாட்டை நீளவாட்டுக் காட்சியில் உறுதிசெய்யாமல் கிளைகளின் அளவை எழுத வேண்டாம்.

படி 2: டக்டஸில் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது?

முழு ஸ்கேனிலும் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

இயல்பில் நுரையீரல் தமனியிலிருந்து மகாதமனிக்கு ஓட்டம். அது மகாதமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குத் திரும்பியிருந்தால், வலது கீழறையிலிருந்து போதிய ரத்தம் நுரையீரலுக்குப் போகவில்லை. டக்டஸ்தான் நுரையீரலுக்கு உணவூட்டுகிறது. பிறந்த பின் டக்டஸ் மூடத் தொடங்கும்போது இந்தக் குழந்தை நீலம் பாரிக்கும். டக்டஸைத் திறந்தே வைக்கும் மருந்தான பிராஸ்டாகிளாண்டின் ஈ1 தேவைப்படும் என்று அன்றே திட்டம் எழுதலாம். அந்த மருந்து குழந்தையின் மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால், மூச்சுக்குழாய் செருகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பிரசவம் நடப்பது நல்லது.

அலையையும் பாருங்கள். இயல்பான சிசு இதயத்தில் மிக வேகமான ஓட்டம் டக்டஸில்தான். கர்ப்பம் முதிர முதிர வேகம் கூடும். ஆனால் துடிப்புக் குறியீடு, அதாவது பி.ஐ. (ஒரு துடிப்புக்குள் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு), கர்ப்பம் முழுவதும் ஏறத்தாழ 1.9க்கும் 3க்கும் இடையில் நிற்கும். சுருங்கும் கட்ட வேகம் நொடிக்கு 140 செ.மீ. தாண்டி, விரியும் கட்ட வேகம் 35 செ.மீ. தாண்டி, பி.ஐ. 1.9க்குக் கீழே வந்தால் டக்டஸ் முன்கூட்டியே சுருங்குகிறது. வேகம் மட்டும் கூடியிருந்து பி.ஐ. இயல்பாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அது ஓட்டம் கூடியதாலும் இருக்கலாம்.

படி 3: கிளைத் தமனி டாப்ளர்

இங்கேதான் நடுப்பரப்பின் தடையை அளக்க முயல்கிறோம். வலது அல்லது இடது கிளையில், பிரியும் இடத்துக்குச் சற்று அப்பால் சாம்பிள் கேட்டை (டாப்ளர் அளக்கும் இடத்தைக் குறிக்கும் திரைக் குறியை) வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே இடம் என்பது முக்கியம். நுரையீரலுக்குள் போகப் போக பி.ஐ. மாறும், சென்ற மாதம் அடியிலும் இந்த மாதம் நுனியிலும் அளந்துவிட்டு "தடை குறைந்திருக்கிறது" என்று எழுதினால் குறைந்தது தடையல்ல, நம் கவனம்.

இயல்பான அலைக்குத் தனி முகம் உண்டு. ஊசிபோல் செங்குத்தாக ஏறி, உடனே விழுந்து, சிறு மேடாகத் தொடர்ந்து, விரியும் கட்டத்தின் தொடக்கத்தில் கோட்டுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு விழும். பிறகு மெல்லிய முன்னோட்டம். உச்சத்தை எட்டும் நேரம் குறைவாக இருப்பது உயர்ந்த தடையின் அடையாளம். கர்ப்பம் முதிரும்போது, ரத்தம் வெளியேறும் மொத்த நேரத்தில் உச்சத்தை எட்டும் நேரத்தின் பங்கு மெல்லக் கூடும், பி.ஐ. 30 வாரம் அளவுக்கு இறங்கி, அதன் பின் பெரும்பாலும் சமமாக நிற்கும்.

இதயக் குறையுள்ள சிசுவில் இந்த எண்ணை எச்சரிக்கையோடு கையாளுங்கள். டக்டஸ் ஓட்டம் திரும்பியிருந்தாலோ, வால்வில் அடைப்போ கசிவோ இருந்தாலோ, அலையின் வடிவத்தைத் தீர்மானிப்பது நுரையீரல் மட்டுமல்ல. இயல்பான சிசுக்களுக்கான அட்டவணையோடு ஒப்பிடுவதைவிட, அதே சிசுவை அதனோடேயே ஒப்பிடுவது நம்பகமானது. ஆக்சிஜன் சோதனையின் பலம் அங்கேதான்.

படி 4: சிரைகள்

வலமும் இடமுமாகக் குறைந்தது இரண்டு சிரைகளாவது இடது மேலறைக்குள் நுழைவதைக் கலரிலும் அலையிலும் காட்டுங்கள். மேலறைக்கு அருகில் நிழல்போல் ஒரு கோடு தெரிவது போதாது. சிரை அலையில் மூன்று பகுதிகள்: கீழறை சுருங்கும்போது ஒரு முன்னோட்டம், விரியும்போது இரண்டாவது, மேலறை சுருங்கும்போது மிகச் சிறிய முன்னோட்டமோ, நின்றுபோவதோ, சற்றே பின்னோட்டமோ. கடைசிப் பகுதியில்தான் இடது மேலறை அழுத்தத்தின் கதை முழுவதும் எழுதியிருக்கிறது.

நுரையீரல் சிரைகள் எல்லாம் இடது மேலறையை விட்டு வேறெங்கோ போய்ச் சேரும் குறை கருவில் மிகவும் தப்பிப்போகும் குறைகளில் ஒன்று. நான்கு அறைக் காட்சி ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். இடது மேலறைக்கும் இறங்கு மகாதமனிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளியை மகாதமனியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் 1.27ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்று 2014இல் ஓர் ஆய்வு முன்வைத்தது, வசதியான அளவு. மேலறையின் பின்சுவர் வழுவழுப்பாக, சிரை வாய்களே இல்லாமல் தெரிவதும், உதரவிதானத்தைத் தாண்டியோ கழுத்துப் பக்கமோ போகும் கூடுதல் சிரை ஒன்று தென்படுவதும் துணைச் சான்றுகள். அந்தச் சிரையில் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையான தொடரோட்டம் கிடைத்தால் வெளிவழியில் அடைப்பு இருக்கிறது. அறுவை மருத்துவர்கள் பிறந்த அன்றே தயாராக இருக்க வேண்டிய குழந்தை அது.

படி 5: மேலறைத் தடுப்புச்சுவர்

இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள ஃபோரமென் ஓவேல் வழியாக இயல்பில் வலமிருந்து இடமாக ரத்தம் போகும். அதன் மடல் இடது மேலறைக்குள் மென்மையாக அசையும். துளையின் அகலம், மடலின் அசைவு, ஓட்டத்தின் திசை, வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறைகளில் குழந்தையின் முதல் மணி நேரம் இந்த ஒரு துளையைப் பொறுத்தது. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

இடது இதயம் வளராத சிசு

இங்கே இடது கீழறையால் பயனில்லை. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தம் தடுப்புச்சுவரைக் கடந்து வலது மேலறைக்குப் போயாக வேண்டும். அதாவது ஃபோரமென் ஓவேலில் ஓட்டம் இடமிருந்து வலமாக. சுவர் முழுக்க மூடியிருப்பது இந்தச் சிசுக்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்கு. துளை மிகக் குறுகியிருப்பவர்கள் இன்னும் அதிகம்.

துளை இல்லையென்றால் நுரையீரல் சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. மாதக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கிய சிரைகள் தமனிகளைப் போலத் தசை தடிக்கின்றன, நிணநீர்க் குழாய்கள் வீங்குகின்றன. கருப்பையில் இதற்கு வெளிப்படையான அறிகுறி இல்லை, ஏனெனில் நுரையீரலுக்குப் போகும் ரத்தமே கொஞ்சம். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் ஓட்டம் பல மடங்கு கூடும். வெளியே போக வழியில்லை. சுவரைத் திறந்துவிட்டாலும், ஏற்கெனவே கெட்டுப்போன நாளங்கள் உடனே சரியாவதில்லை. அறுவை நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் இந்தச் சிறு கூட்டத்தில் இறப்பு அதிகமாக இருப்பதன் காரணம் அதுதான்.

அளக்கும் முறை: ஒரு நுரையீரல் சிரையில் அலையைப் பதிவுசெய்து, முன்னோட்டத்தின் பரப்பையும் பின்னோட்டத்தின் பரப்பையும் தனித்தனியாக வரைந்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 5க்கு மேல் என்றால் இப்போதைக்கு ஆறுதல். 3க்கும் 5க்கும் இடையில் என்றால் அடிக்கடி பாருங்கள். 3க்குக் கீழே போனால், பிறந்தவுடன் சுவரைத் திறக்க வேண்டியிருக்கும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். அலையின் மொத்தத் தோற்றமும் பேசும். விரியும் கட்ட முன்னோட்டம் மறைந்து, முன்னும் பின்னுமாக இரண்டு கூர்மையான குத்துகள் மட்டும் மிஞ்சினால் சுவர் மூடியே இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒரு பொறி இருக்கிறது. சில சிசுக்களில் இடது மேலறையிலிருந்தோ நுரையீரல் சிரையிலிருந்தோ மேலே போகும் கூடுதல் சிரை ஒன்று அழுத்தத்தை வடித்துவிடும். அப்போது துளை மூடியிருந்தும் சிரை அலை அவ்வளவு மோசமாகத் தெரியாது. சுவர் மூடியிருக்கிறது, அலை நன்றாக இருக்கிறது என்ற முரண் வந்தால் அந்தச் சிரையைத் தேடிப் பிடியுங்கள்.

எம்.ஆர்.ஐ. கிடைக்குமானால் இந்தக் கூட்டத்துக்கு அது வீணல்ல. ஜாதிக்காயை வெட்டினால் தெரியும் கோடுகளை வைத்தே பெயர் பெற்ற ஒரு நுரையீரல் தோற்றம் உண்டு. வீங்கிய நிணநீர்க் குழாய்களின் அடையாளம் அது. அதைக் கண்டால் பெற்றோரிடம் பேசும் தொனியே மாற வேண்டும். சில மையங்களில் கருப்பையிலேயே சுவரைத் துளைக்கவோ ஸ்டென்ட் வைக்கவோ முயல்கிறார்கள். தொழில்நுட்பரீதியாக முடிகிறது; ஆனால் எல்லாக் குழந்தைகளையும் அது காப்பாற்றிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருந்தமனிகள் இடம் மாறிய சிசு

இங்கே மகாதமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் ஃபோரமென் ஓவேல் வழியாக இடது பக்கம் போகிறது அல்லவா? இந்தச் சிசுவில் அது மூளைக்குப் போவதற்குப் பதிலாக நுரையீரல் தமனிக்குள் போகிறது. வழக்கத்தைவிட ஆக்சிஜன் அதிகமுள்ள ரத்தம் நுரையீரல் நாளங்களை விரிக்கிறது. அதே ரத்தம் டக்டஸைச் சுருக்கவும் செய்கிறது. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குத் திரும்பும் ரத்தம் கூடுவதால் ஃபோரமென் ஓவேலின் மடல் அழுத்தப்படுகிறது. ஒரே காரணம் மூன்று இடங்களில் விளைவு காட்டுகிறது என்பதால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

மடல் அளவுக்கு மீறி ஆடுவது, அல்லது ஆடாமல் தட்டையாக ஒட்டியிருப்பது, துளை சிறுத்திருப்பது, டக்டஸ் ஒடுங்கியிருப்பது, விரியும் கட்டத்தில் டக்டஸ் ஓட்டம் திரும்புவது ஆகியவை எச்சரிக்கைகள். சுவரும் டக்டஸும் சேர்ந்து கெட்டிருந்தால் அபாயம் மிக அதிகம். பிறந்த பின் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடும் ரத்தம் கலக்க வேறு வழியிராது. பலூன் வைத்துச் சுவரைக் கிழிக்கும் முறையை வில்லியம் ராஷ்கைண்ட் 1966இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் உயிர்காப்பது அதுதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தக் குறையில் ஸ்கேனின் முன்கணிப்பு நம்ப முடியாத அளவுக்குத் தவறும். சுவர் அழகாகத் தெரிந்த சிசு பிறந்து அரை மணி நேரத்தில் சரிவதுண்டு. ஆகவே அறிகுறி இருந்தால் அவசர ஏற்பாடு, இல்லாவிட்டால் சாதாரணப் பிரசவம் என்று பிரிக்காதீர்கள். இந்தக் குறை இருக்கும் எந்தச் சிசுவும் பலூன் சிகிச்சை உடனே கிடைக்கும் இடத்தில் பிறக்கட்டும். அறிகுறி இருந்தால் அந்தக் குழு பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

வலப்பக்க அடைப்புகள்

ஃபாலோ நாற்குறையும் (கீழறைச் சுவரில் துளையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகலும் சேர்ந்த குறை) நுரையீரல் வால்வு அடைப்பும் இதில் அடங்கும். விடை பெரும்பாலும் படி 2இலேயே கிடைத்துவிடும். ஃபாலோ நாற்குறையில் முதல் ஸ்கேனில் டக்டஸ் ஓட்டம் இயல்பாக இருந்துவிட்டு, பின்னர் திரும்புவது உண்டு. அடைப்பு வளரும் தன்மை கொண்டது. அதனால் கடைசி மும்மாதத்தில் மறுபடி பார்க்காமல் "டக்டஸைச் சாராத குழந்தை" என்று எழுத வேண்டாம்.

கீழறைச் சுவரில் துளையும் வால்வு முழு அடைப்பும் சேர்ந்திருந்தால், நுரையீரலுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். டக்டஸ் வளைந்து நெளிந்து மகாதமனி வளைவின் அடியிலிருந்து வரலாம். டக்டஸே இல்லாமல் இறங்கு மகாதமனியிலிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும் பக்கத் தமனிகள் இருக்கலாம். முதுகெலும்புக்கு இணையான நீளவாட்டுக் காட்சியில், அளவுகோலைக் குறைத்து, கலர் போட்டுப் பாருங்கள். டக்டஸ் என்றால் பிராஸ்டாகிளாண்டின் தேவை. பக்கத் தமனிகள் மட்டும் என்றால் அந்த மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. இந்தச் சிசுக்களில் 22ஆம் குரோமோசோமின் நுண்ணிழப்பு அடிக்கடி காணப்படுவதால் தைமஸ் சுரப்பி இருக்கிறதா என்றும் பார்த்து, மரபணுச் சோதனை பற்றிப் பெற்றோரிடம் பேசுங்கள்.

எப்ஸ்டீன் குறையில் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு கீழே இறங்கி அமைந்து கசியும் குறை) வலது மேலறை பெருத்து நுரையீரலை நெருக்கும். நுரையீரல் வால்வு வழியே முன்னோட்டம் இல்லை என்பதால் அது மூடியிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கீழறைக்குத் திறக்கும் வலு இல்லாமலும் இருக்கலாம். வால்வில் பின்கசிவு தெரிந்தால் வால்வு மூடவில்லை என்பது உறுதி. அதே பின்கசிவு ரத்தம் உடலுக்குப் போகாமல் இதயத்துக்குள்ளேயே சுற்றும் ஒரு சுழலையும் உண்டாக்கும், ஆகவே அது நல்ல செய்தி மட்டுமல்ல.

நுரையீரல் வால்வே உருவாகாத குறையில் கிளைத் தமனிகள் பலூன்போல் வீங்கி மூச்சுக்குழல்களை நசுக்கும். அங்கே ரத்த ஓட்டத்தைவிடக் காற்று வழிதான் குழந்தையின் விதி.

கீழறைச் சுவரில் பெரிய துளை, இரு தமனிகளும் ஒரே தண்டாக இருப்பது போன்றவற்றில் பிறந்து சில வாரங்களில், நுரையீரல் தடை இறங்கும்போது, ஓட்டம் வெள்ளமாகும். கருவில் அது எதுவும் தெரியாது. கிளைத் தமனி அலை இயல்பாக இருப்பதை நற்செய்தியாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் சோதனை

பெரும்பாலும் இடது இதயம் வளராத சிசுவுக்கு, 34 வாரத்துக்குப் பிறகு. முதலில் அறைக்காற்றில் கிளைத் தமனியின் பி.ஐ.யை அளக்கிறோம். பிறகு தாய்க்கு முகமூடி வழியாகச் சுமார் 60 சதவீத ஆக்சிஜன், நிமிடத்துக்கு 8 லிட்டர், 10 நிமிடம். அதே கிளையில், அதே இடத்தில் மறுபடி அளவு. முகமூடியை எடுத்து, சில நிமிடங்கள் கழித்து மூன்றாவது அளவு.

பி.ஐ. நன்றாக இறங்கினால் நாளங்கள் விரியும் திறனோடு இருக்கின்றன. இறக்கம் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால், பிறந்தவுடன் சுவரைத் திறக்க வேண்டி வரும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. சோதனையின்போது டக்டஸ் அலையையும் கவனியுங்கள், ஆக்சிஜன் டக்டஸையும் சுருக்கும். நாளங்களைத் திறக்கும் சிகிச்சையாகத் தாய்க்கு நாட்கணக்கில் ஆக்சிஜன் கொடுப்பது வேறு விஷயம். அது ஆய்வுக்குள் மட்டும் இருக்கட்டும்.

ஓட்டத்தின் அளவைக் கணக்கிடலாமா?

கணக்கு எளிது: வேகக் கோட்டின் கீழுள்ள பரப்பு, நாளத்தின் குறுக்குவெட்டு, இதயத்துடிப்பு மூன்றையும் பெருக்கினால் ஓட்டம். நுரையீரல் ஓட்டம் என்பது வலது கீழறை வெளியீட்டிலிருந்து டக்டஸ் ஓட்டத்தைக் கழித்தது. சிக்கல் இரண்டு இடத்தில். விட்டத்தில் 10 சதவீதப் பிழை நேர்ந்தால் குறுக்குவெட்டில் 21 சதவீதப் பிழை. அது போகட்டும், கழித்தல் இன்னும் மோசம். வலது கீழறை 56, டக்டஸ் 41 என்றால் நுரையீரலுக்கு 15. இரண்டு ஓட்டங்களிலும் 10 சதவீதம் மட்டும் பிழை, எதிரெதிர்த் திசையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்: விடை 24.7 என்றும் வரலாம், 5.3 என்றும் வரலாம். தொடக்கத்தில் பார்த்த 13, 25, 16 என்ற எண்கள் ஒத்துப்போகாததில் இனி வியப்பில்லை. பல சிசுக்களின் சராசரிக்கு இந்தக் கணக்கு உதவும். ஒரு தனிச் சிசுவின் பிரசவத்தை இதை வைத்துத் தீர்மானிக்க நான் துணியமாட்டேன்.

எப்போது, எத்தனை முறை

முதல் முழு ஸ்கேன் 18 முதல் 22 வாரத்தில். நுரையீரல் சார்ந்த கேள்வி இருந்தால் 28 முதல் 30 வாரத்தில் ஒருமுறை, 34 முதல் 36 வாரத்தில் இன்னொரு முறை. சுவரோ டக்டஸோ சந்தேகத்துக்குரியது என்றால் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டும் கடைசி வாரங்களில் மாறக்கூடியவை. 22 வாரத்தில் எடுத்த நல்ல படத்தை வைத்து 39 வாரப் பிரசவத்தைத் திட்டமிட முடியாது.

அறிக்கை எழுதுவது

பிரசவ அறையில் படிப்பவர் இதய நிபுணராக இருக்கமாட்டார், நள்ளிரவாகவும் இருக்கலாம். முதல் வரியில் குறையின் பெயர். அடுத்து மூன்று கேள்விகளின் விடை: நுரையீரலுக்கு ரத்தம் எதன் வழியாக வருகிறது (டக்டஸ் திறந்திருக்க வேண்டுமா), நாளங்களின் நிலை குறித்துச் சான்று உண்டா, வெளிவழி திறந்திருக்கிறதா. அதன் பின் செயல்: மருந்து பிறந்தவுடனா அல்லது குழந்தையைப் பார்த்த பிறகா, பலூன் குழு தேவையா, குழந்தையை எங்கே கொண்டுபோக வேண்டும். அளவுகள் எல்லாம் கடைசியில். பார்க்க முடியாததை "இயல்பு" என்று எழுதாமல் "பார்க்க இயலவில்லை" என்றும், அதற்குச் சிசுவின் கிடப்பு காரணமா, தாயின் வயிற்றுச் சுவர் காரணமா என்றும் எழுதுங்கள். அடுத்து ஸ்கேன் செய்பவருக்கு அது நேரடியாக உதவும்.

ஆக்சிஜன் கொடுப்பது பற்றியும் ஒரு வரி சேர்ப்பது நல்லது. நீலம் பாரித்த குழந்தை என்றால் கை தானாக ஆக்சிஜனைத் திறக்கும். இடது இதயம் வளராத குழந்தையில், தடுப்புச்சுவர் திறந்திருக்கும்போது, அதிக ஆக்சிஜன் நுரையீரல் நாளங்களை விரித்து உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை அங்கே இழுத்துக்கொள்ளும். எந்த அளவு ஆக்சிஜன் செறிவு போதும், எதற்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்பதை உங்கள் குழு முன்பே பேசி, அந்த எண்ணையும் கூப்பிட வேண்டியவரின் தொலைபேசி எண்ணையும் தாயின் கோப்பில் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.